சோளத்துக்கே பயம்

என் சொந்தக் குரலுக்கு நான் பயந்தது அன்றுதான்.

புதன்கிழமைதோறும் மதியம், வானொலியில் தானிய விலை சொல்லி முடித்ததும் நான் பேசுவேன். 'மார்லிஸ் ஹவெல்கா பேசறேன்' என்று தொடங்கி, 'பயப்படாதீங்க, வேலையைப் பாருங்க' என்று முடிப்பேன். நடுவில் உலகத்தில் உள்ள அத்தனையைப் பற்றியும் ஒரு கருத்துச் சொல்லியாக வேண்டும் எனக்கு. சுங்க வரி, வட்டி, மழை, சட்டம் போடுகிறவர்களுக்கு மக்காச்சோளத்துக்கும் கோரைப் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாதது, படித்த பிள்ளைகள் ஒமாஹாவுக்குப் போய்த் திரும்பி வராதது. நெப்ராஸ்காவின் இந்த மூலையில் தானியக் கிடங்கு என்றால் எங்களுடையது ஒன்றுதான். சுற்றுவட்டாரத்து விவசாயிகள் எங்களிடம்தான் சோளத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ஆகவே என் பேச்சையும் கேட்டுக்கொண்டு போகட்டுமே என்று ஒரு நினைப்பு. எடை மேடைக்கு முன்னால் வரிசையில் நிற்கும் லாரிக்காரர்களுக்காக அலுவலகச் சுவரில் ஒரு ஒலிபெருக்கியும் மாட்டியிருந்தேன். விலை கேட்பதற்கு என்று ஊருக்குச் சொன்னேன். என் பேச்சுக்காகவும்தான்.

பேச்சைத் திங்கட்கிழமையே பதிவு செய்துவிடுவோம். வானொலி நிலையத்தை நடத்துவது வேட் என்கிற ஒற்றை ஆள். அறிவிப்பு, விளம்பரம், தரை துடைப்பது எல்லாம் அவனே. அவன் எங்காவது போனால் எந்திரம் தானாக ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த வாரம் நான் எடுத்துக்கொண்ட விஷயம் பயம். ஊர்த் தீயணைப்புப் படை ஞாயிற்றுக்கிழமை பேன்கேக் விருந்து வைப்பதாகச் சீட்டு விற்றுக்கொண்டிருந்தது. எங்கள் படையில் சம்பளக்காரர் யாரும் கிடையாது, எல்லாரும் ஊர்க்காரர்கள். பம்பு வாங்கினாலும் பூட்ஸ் வாங்கினாலும் பேன்கேக் சுட்டு விற்றுத்தான் வாங்குவார்கள். இந்த முறை அவர்கள் வாங்க நினைத்தது, தானியக் குதிருக்குள் புதைந்துபோனவனை மீட்கிற ஒரு தகட்டுக் குழாய். எனக்குச் சிரிப்பு வந்தது. மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து அந்தக் குழாயை ஒரு பிடி பிடித்தேன். வேட் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவனும் தீயணைப்புப் படையில்தான் இருக்கிறான்.

உண்மையைச் சொன்னால், அந்த வருடம் முழுக்க நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும். கைபேசியைத் தொடக் கை வராது. ராத்திரி எந்த நாடு எந்த வரியைப் போட்டிருக்குமோ, யார் நம் சோளம் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்களோ. பெரிய கம்பெனிக்காரர்கள் கிடங்கை விலைக்குக் கேட்டு ஆள் அனுப்புவது நின்றுபோயிருந்தது. கேட்டுக்கொண்டிருந்தபோது கோபம் வந்தது, கேட்காதபோது பயம் வந்தது. நன்றாகப் பயந்தவள்தான் மைக்கைக் கண்டால் அவ்வளவு சத்தமாகத் தைரியம் பேசுவாள்.

புதன்கிழமை விடிகாலையில் அந்தச் செய்தி வந்தது. சோளம் வாங்குகிற நாடு ஒன்று பதிலுக்கு வரி போட்டுவிட்டது. சந்தை திறந்ததும் விலை சறுக்கத் தொடங்கியது. எத்தனால் ஆலைக்காரனிடம் கெஞ்சிப் பேசினேன். இரண்டு மணிக்குள் வந்து சேரும் லாரிகளுக்கு மட்டும் நேற்றைய விலை என்றான். ஆறு லாரி பிடித்தேன். வரிசையாக வந்து நின்றன.

அப்போதுதான் லோன்னி அலுவலகக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். லோன்னி டெவ்ரீஸ் எங்கள் கிடங்கின் மேற்பார்வை ஆள். பள்ளிக்கூடத்தில் என் வகுப்பு. என்னைக் கிண்டலாக 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவான்.

"மூணாம் குதிர் அடைச்சுக்கிச்சு, பாஸ்."

"அடைச்சுக்கிச்சுன்னா?"

"போன வருஷம் ஈரத்தோட ஏத்துனோம்ல, மேல பொருக்குத் தட்டிப்போச்சு. அடியில சோளத்தை வெளிய தள்ளுற திருகு சும்மா சுத்துது, சோளம் இறங்க மாட்டேங்குது. திருகை நிறுத்திட்டு, கயிறு கட்டிக்கிட்டு, ரெண்டு பேரா இறங்கி உடைக்கணும். இன்னொரு ஆள் வர்றதுக்கு மதியம் ஆயிடும்."

"மதியமா? வெளிய எத்தன லாரி நிக்குதுன்னு பாத்தியா?"

"பாத்தேன்."

"ரெண்டு மணிக்கு மேல போனா அவன் இன்னிக்கு விலைதான் குடுப்பான். இன்னிக்கு விலைக்கு வித்தா நாம கடையைச் சாத்திட்டுப் போலாம். எங்கப்பா எழுபது வயசு வரைக்கும் சோளத்து மேல நடந்தாரு, லோன்னி. கயிறாவது மண்ணாவது! கம்பை எடுத்துட்டுப் போயி ரெண்டு குத்து குத்து, தானா இறங்கும். நடந்து பாரு."

சோளத்தின் மேல் நடப்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிற காரியம். அடியில் திருகு ஓடினால் சோளம் புதைமணலாகி ஆளை உள்ளே இழுத்துவிடும், கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் செய்வோம்.

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "திருகு ஓடட்டுமா?"

"ஓடட்டும். உடைஞ்ச உடனே லாரியில விழணும்ல."

என்னையே ஒரு கணம் பார்த்தான். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டான். "சரி பாஸ். திரும்பி வரலைன்னா என் பேன்கேக்கை கார்லாவுக்குக் குடுத்துடு."

"அவ சமைக்கிற பேன்கேக்கை அவளுக்கே குடுக்கறதா? போடா."

இருவரும் சிரித்தோம். அவன் மனைவி கார்லா பள்ளிக்கூடத்துச் சமையல்காரி, ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கும் அவள்தான் அடுப்படி.

நான் ஆலைக்காரனுடன் போனில் இருந்தேன். ஜன்னல் வழியாக மூன்றாம் குதிர் தெரிந்தது, மூன்று மாடி உயர இரும்பு உருளை, உச்சியில் சின்னத் திறப்பு. லோன்னி கம்பை முதலில் உள்ளே போட்டுவிட்டுத் தானும் இறங்குவதைப் பார்த்தேன். சற்று நேரம் ஒன்றும் இல்லை. பிறகு லாரிக்கு மேல் நீட்டியிருந்த வெளிக்குழாய் இருமியது. சோளம் மஞ்சளாகக் கொட்டத் தொடங்கியது. முதல் லாரிக்காரன் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். நானும் காட்டினேன். "பாத்தீங்களா, இறங்கிடுச்சு!" என்று போனில் சொன்னேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. இன்றைக்கும் அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

லாரி முக்கால்வாசி நிறைந்தபோதுதான் ஏணியைப் பார்த்தேன். ஏணியில் யாரும் இல்லை.

போனை எங்கே போட்டேன் என்று தெரியாது. ஓடிப்போய்த் திருகின் விசையை அடித்து நிறுத்தினேன். ஏணியில் ஏறினேன், இந்த உடம்பை வைத்துக்கொண்டு. உச்சித் திறப்பில் தலையை விட்டால் ஒரே தூசி, கெட்டுப்போன சோளத்தின் புளித்த நெடி. கண் பழகியதும் அடியில் லோன்னி தெரிந்தான். தலையும் தோளும் இரண்டு கைகளும் மட்டும். மற்றதெல்லாம் சோளத்துக்குள்.

"லோன்னி!"

"நிறுத்திட்டியா?"

"நிறுத்திட்டேன். இரு, கயித்தைப் போட்டு இழுக்கச் சொல்றேன்."

"இழுக்காத! இழுத்தா இடுப்பு தனியா வந்துடும்." கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் அடுத்தது வந்தது. "மூச்சை வெளிய விட்டா சோளம் இறுக்குது, மார்லிஸ். திரும்ப உள்ள இழுக்க எடம் இல்ல."

'பாஸ்' என்று சொல்லவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டான். அவனுக்குப் பின்னால், வடக்குப் பக்கம், பொருக்குத் தட்டிய சோளம் ஆளுயரத்துக்கு மேல் சுவராக நின்றது. அதிலிருந்து ஒவ்வொரு மணியாக உதிர்ந்துகொண்டிருந்தது.

தீயணைப்புப் படையைக் கூப்பிடச் சொல்லிக் கீழே நின்ற லாரிக்காரர்களிடம் கத்தினேன். ஊர்ச் சங்கு ஊதியது. வயலிலிருந்தும் கடையிலிருந்தும் பிக்கப் வண்டிகள் பறந்து வந்தன. படைத் தலைவர் ஆர்லன், அவரும் சோள விவசாயிதான், மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எஞ்சினையெல்லாம் அணைங்க. யாரும் குதிர் மேல தட்டாதீங்க, சாயாதீங்க. அந்த வடக்குச் சுவரு சரிஞ்சா ஆளு மூடிப் போயிடுவான்."

"என்ன செய்யறது, ஆர்லன்?" என்று கேட்டேன்.

"குழாய்தான் வேணும். அவனைச் சுத்தித் தகட்டை இறக்கி, உள்ள இருக்கிற சோளத்தை உறிஞ்சி எடுக்கணும். பக்கத்துக் கவுன்ட்டியில ஒண்ணு இருக்கு. கிளம்பிட்டாங்க."

"எவ்வளவு நேரம்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நம்மகிட்ட இருந்திருந்தா இந்நேரம் உள்ள இறக்கியிருப்போம்."

கார்லா சமையல் ஏப்ரனோடு வந்தாள், கையில் மாவு. குதிருக்குப் பக்கத்தில் போகவிடாமல் தடுத்தார்கள். என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அலுவலகச் சுவர் ஓரமாகப் பலகையில் உட்கார்ந்தோம். அவள் அழவில்லை, திட்டினாள்.

"மரமண்டை. எத்தன தடவ சொல்லியிருப்பேன், தனியா இறங்காதே, இறங்காதேன்னு. எப்பவும் அவசரம். வீட்டுக்கு வரட்டும், வச்சுக்கறேன். வரட்டும், மார்லிஸ். வந்துருவான்ல?"

"வந்துருவான்" என்றேன்.

பக்கத்துக் கவுன்ட்டி வண்டி வந்தது. இரண்டு பேர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, பலகைகளோடும் தகடுகளோடும் உச்சி வழியாக உள்ளே இறங்கினார்கள். ஆர்லன் திறப்பில் படுத்துக்கொண்டு லோன்னியிடம் பேசிக்கொண்டேயிருந்தார். அவன் பதில் சொல்கிற சத்தம் வெளியே கேட்கிறதா என்று நாங்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்த அமைதியில் என் தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது.

மதியச் சந்தை நிலவரம். மக்காச்சோளம் இத்தனை காசு இறக்கம். சோயா இத்தனை இறக்கம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இன்றைக்குப் புதன்கிழமை.

இது முடிந்தால் நான் வருவேன். குழாயைப் பற்றிய அந்தப் பேச்சு, குழாயை இறக்கிக்கொண்டிருக்கும்போது, அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது. யாராவது நிலையத்துக்குப் போன் செய்து நிறுத்தச் சொல்லலாம் என்று கூட்டத்தில் தேடினேன். வேட் எனக்கு எதிரிலேயே தீயணைப்புச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தான். நிலையத்தில் ஈ காக்கை இல்லை. அங்கே எந்திரம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உள்ளே போய் ஒலிபெருக்கியை அணைத்துவிடலாம் என்று எழுந்தேன். கார்லா கையை விடவில்லை.

"எங்க போற? போகாத. என்னைத் தனியா விட்டுட்டுப் போகாத."

"ஒரு நிமிஷம்..."

"போகாத!"

உட்கார்ந்தேன். பன்றி விலையும் மாட்டு விலையும் வந்தன. விதைக் கம்பெனி விளம்பரம் ஒன்று. அதன் பாட்டு இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று எனக்குத் தெரியாது.

"மார்லிஸ் ஹவெல்கா பேசறேன். இந்த வாரம் பயத்தைப் பத்திப் பேசுவோம். நம்ம ஊருக்கு என்ன வந்துச்சுன்னே தெரியல. வரின்னா பயம், வட்டின்னா பயம், கடலுக்கு அந்தப் பக்கம் எவனாவது தும்முனா பயம். இப்ப என்னடான்னா சோளத்துக்கே பயம்!"

கூட்டத்தில் சில தலைகள் திரும்பின. நான் தரையைப் பார்த்தேன்.

"ஞாயித்துக்கிழமை பேன்கேக் சாப்பிடப் போங்க, நானும் வர்றேன், சிரப்பை நல்லா ஊத்திக்கறேன். ஆனா எதுக்குன்னு கேட்டீங்களா? சோளத்துல விழுந்தவனைத் தூக்க ஒரு குழாயாம்! எங்கப்பா எழுபது வயசு வரைக்கும் சோளத்து மேல நடந்தாரு. செத்தது வீட்டுல, மெத்தையில. இப்ப இன்சூரன்ஸ்காரப் பையன் ஒருத்தன் வந்து கயிறு கட்டுங்கறான், ரெண்டு பேரா இறங்குங்கறான். அவன் கையைப் பாத்தேன், வெண்ணெய்க்கட்டி. இப்படி ஒவ்வொண்ணுக்கும் பயந்தா தொழில் எப்படி நடக்கும்? நாடு எப்படி..."

"அந்தச் சனியனை யாராவது நிறுத்துங்கய்யா!" மேலேயிருந்து ஆர்லன் கத்தினார். "அவன் பேசறது எனக்குக் கேக்கல!"

வேட் என்னைத் தாண்டி உள்ளே ஓடினான். என் குரல் பாதியில் அறுந்தது. அதற்குப் பிறகு வந்த அமைதியில் யாரும் என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கார்லாவின் கை என் கைக்குள்ளேயே இருந்தது. பேச்சு அவள் காதில் விழுந்ததோ இல்லையோ தெரியவில்லை. அவள் கண் குதிரின் உச்சியை விட்டு நகரவேயில்லை. பழையபடி திட்டத் தொடங்கினாள்.

"அறிவு கெட்ட மனுசன். கயிறு தோள்லயே தொங்குமே, கட்டுனா என்ன குறைஞ்சா போகும்? திருகை நிறுத்தாம எவனாவது இறங்குவானா? யாரு சொன்னா இவனை இறங்கச் சொல்லி?"

அது கேள்வியே இல்லை. பதில் எதிர்பார்த்து அவள் கேட்கவில்லை. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. காலையில் அலுவலகத்தில் லோன்னியும் நானும்தான் இருந்தோம், அவன் இப்போது சோளத்துக்குள் இருந்தான். அவன் இல்லாமல் போனால் நான் ஒருத்திதான். இந்த எண்ணம் எனக்கு வந்தது. வந்ததை மறைக்கவில்லை. அதைவிடப் பயங்கரமான எதையும் அன்றைக்கு நான் பார்க்கவில்லை. வாயைத் திறந்தால் வக்கீல் வருவான், இன்சூரன்ஸ்காரன் கையை விரிப்பான், அப்பா கட்டிய கிடங்கு ஏலத்துக்குப் போகும். எல்லாம் ஒரு வரிசையாகக் கண் முன்னால் வந்து நின்றன, லாரிகளைப் போலவே.

குதிருக்குள் திடீரென்று சரசரவென்று சத்தம். உச்சித் திறப்பிலிருந்து தூசி புகையாகக் கிளம்பியது. "சுவரு! சுவரு!" என்று உள்ளேயிருந்து யாரோ கத்தினார்கள். ஆர்லன் "லோன்னி! லோன்னி!" என்று அலறினார். பதில் இல்லை.

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

கார்லா குதிரின் உச்சியிலிருந்து கண்ணை எடுத்து என் பக்கம் திரும்பினாள். "என்ன?"

"அவன் வேண்டாம்னான். கயிறு வேணும், இன்னொரு ஆள் வேணும், திருகை நிறுத்தணும்னான். நான்தான் லாரி நிக்குது, நடந்து பாருன்னு அனுப்புனேன்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அறைவாள் என்றுகூட நினைத்தேன். என் கையிலிருந்து தன் கையை மெல்ல உருவிக்கொண்டாள். என் உள்ளங்கையில் மாவு ஒட்டியிருந்தது. எழுந்து போய்க் குதிரின் பக்கத்தில், தடுத்தவர்களையும் தாண்டி, தனியாக நின்றுகொண்டாள்.

"தகடு தாங்கிடுச்சு!" மேலேயிருந்து ஆர்லனின் குரல் உடைந்து வந்தது. "சரிஞ்சது தகட்டுல மோதி நின்னுடுச்சு! ஆளு இருக்கான்! பேசறான்!"

அதன்பிறகு உறிஞ்சும் எந்திரத்தின் இரைச்சல். குழாய்க்குள் இருந்த சோளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். அந்த நேரம் முழுக்க நான் பலகையிலேயே உட்கார்ந்திருந்தேன். யாரும் பக்கத்தில் வரவில்லை. வேட் மட்டும் ஒரு தடவை வந்து, தண்ணீர்ப் பாட்டிலை வைத்துவிட்டுப் போனான்.

குதிரின் பக்கவாட்டில் ஏணி வழியாகப் படுக்கையில் கட்டி லோன்னியை இறக்கினார்கள். சட்டையெல்லாம் கிழிந்து, காதுக்குள்ளும் மூக்குக்குள்ளும் மஞ்சள் தூசி அப்பி, ஆள் பாதியாகிவிட்டிருந்தான். மூக்கில் பிராணவாயு முகமூடி. கார்லா அவன் நெற்றியில் நெற்றியை வைத்துக்கொண்டு நடந்தாள். இப்போது திட்டவில்லை, அழுதாள்.

நான் எழுந்து நின்றேன். கிட்டே போகத் தைரியம் இல்லை. என்னைத் தாண்டிப் போகும்போது அவன் கண்கள் என்னைத் தேடிப் பிடித்தன. கையை அசைத்துப் படுக்கையை நிறுத்தச் சொன்னான். முகமூடியை விலக்கினான்.

நியாயமாக எது வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"பாஸ்" என்றான். மூச்சு வாங்கியது. "மணி ரெண்டு ஆயிடுச்சா? ஒரு லாரிதானே ரொம்புச்சு... மத்தது... மன்னிச்சுக்க."

கிண்டலோ என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. சோளத்திலிருந்து வெளியே வந்தும் அவன் கண்ணில் பயம் போகவில்லை, அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடலுக்கு அந்தப் பக்கத்துக்காரனுக்கு நான் பயந்தேன், இவன் எனக்குப் பயந்தான், காலையில் தலையைச் சொறிந்துகொண்டு என்னையே ஒரு கணம் பார்த்தானே, அது இந்தப் பார்வைதான்.

"போயிட்டாங்கடா" என்றேன். "எல்லா லாரியும் போயிடுச்சு. அதெல்லாம் ஒண்ணுமில்ல."

ஒண்ணுமில்ல என்றதை அவன் நம்பவில்லை. இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கார்லா என்னைப் பார்க்காமலேயே முகமூடியை எடுத்து அவன் மூக்கின் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.